லென்சு கழலும் கேமராவுக்கும் கழலாத கேமராவுக்கும் சொல் வேண்டும்

வேலூரிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களை இரண்டு நாள் படமெடுக்க அழைத்துப் போகிறோம். முதல் நாள் கோட்டையும் ஜலகண்டேசுவரர் கோயிலும், மறுநாள் வள்ளிமலை. அதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். 'பயணத்துக்கு எந்தக் கேமரா?' என்ற பக்கத்தில் நின்றுவிட்டேன்.

லென்சை உடம்போடு சேர்த்தே செய்த கேமரா ஒரு வகை, கழற்றி வேறு லென்சு மாட்டக்கூடியது இன்னொரு வகை. லென்சுக்கு 'வில்லை' என்ற தமிழ்ச் சொல்லை வைத்து, முதலாவதை 'நிலைவில்லைக் கேமரா' என்றும் மற்றதை 'மாற்றுவில்லைக் கேமரா' என்றும் எழுதினேன். வகுப்பில் படிக்கக் கொடுத்தேன். "நிலைவில்லைன்னா ஜூம் ஆகாததா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். கேள்வி நியாயமானது. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100இல் லென்சு கழலாது, ஜூமும் கிடையாது. நிக்கான் பி900இலும் லென்சு கழலாது. ஆனால் அது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் 24இலிருந்து 2000 மி.மீ. வரை நீளும், அதாவது அகலக் காட்சியிலிருந்து வெகுதூரம் வரை ஜூம் ஆகும். இரண்டும் ஒரே வகைதான். 'நிலை' என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது. லென்சு கழலுமா என்பதைச் சொல்லாமல், நீளுமா என்பதைச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

மாணவர்கள் இந்த இடத்தில் குழம்பினால் காசு வீணாகும். அதனால்தான் கேட்கிறேன்.

ஆரணியிலிருந்து:

தம்பி, 'நிலை'யை விட்டதற்கு மகிழ்ச்சி. 'இணைவில்லை', 'கழல்வில்லை' என்று வைத்துக்கொள்ளுங்கள். கழன்ற, கழல்கின்ற, கழலும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. 'மாற்றுவில்லை'யை ஏற்க மாட்டேன். மாற்றுச்சாவி என்றால் கைவசம் உள்ள இன்னொரு சாவி, மாற்றுடை என்றால் இன்னொரு உடை. மாற்றுவில்லை என்பதும் பையில் கிடக்கும் உபரி வில்லையைத்தான் குறிக்கும்.

அப்புறம், 'லென்சு' வேண்டவே வேண்டாம். நம் பாடநூல்கள் குவிலென்சு, குழிலென்சு என்று எழுதிவிட்டன. இலங்கைப் பாடநூல்களில் வில்லை என்றே பிள்ளைகள் படிக்கிறார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கே மைசூர்ப் பருப்பு என்றுதான் பொருள். கண்ணாடியின் வடிவத்தைப் பார்த்து இட்ட பெயர். நமக்கும் சந்தன வில்லை, கற்பூர வில்லை இருக்கின்றன. நம் பக்கத்தில் வில்லையைப் 'பில்லை' என்றும் சொல்வோம். சேவகர் மார்பில் குத்திய பித்தளைப் பில்லையைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். தெலுங்கில் 'பில்ல'. வட்டமும் தட்டையுமான பொருளுக்கு இவ்வளவு நல்ல சொல் இருக்கும்போது பருப்பை எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

திருப்பத்தூரிலிருந்து:

ஐயா, நான் மெய்ப்புப் பார்ப்பவள். வில்லை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அதைத் தொகையின் இறுதியில் வைக்கும்போது ஒரு விபரீதம் நேர்கிறது. 'இணைவில்லை' என்பதை உரக்கப் படித்துப் பாருங்கள். இணைவு இல்லை என்று கேட்கும். 'கழல்வில்லை' என்றால் கழல்வு இல்லை, அதாவது கழலாது. 'பிரிவில்லை' என்று யாராவது சொல்ல வருவார்கள். அது அதைவிட மோசம். சேர்ந்தது என்று நாம் எழுதினால் சேராதது என்று படிக்கிறார்கள்.

இடைவெளி விட்டு எழுதலாம் என்பீர்கள். அச்சுக்கோப்பவர் அந்த இடைவெளியைச் சேர்த்துவிடுவார், நாங்கள் தினமும் பார்ப்பது அது.

இன்னொன்று. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சிபா தன் புள்ளிவிவரங்களில் இந்த முதல் வகையை 'உள்ளேயே அமைந்த லென்சு கொண்டவை' என்ற பொருளில்தான் பிரிக்கிறது. 'நிலையான' என்ற சொல்லே அங்கே இல்லை. நாம் மட்டும் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

ஆரணியிலிருந்து:

அம்மா, இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. பொதுமொழி என்று நன்னூல் சொல்வது இதைத்தான். வேங்கை என்றால் மரமும் ஆகும், வேகும் கையும் ஆகும். தாமரை என்றால் பூவும் ஆகும், தாவும் மரையும் ஆகும். இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். 'கழல்' என்ற வினையை இழக்க எனக்கு மனமில்லை. குறளில் உறுப்புநலனழிதல் அதிகாரத்தில் தோள் மெலிந்து தொடி சோர்கிறது. வளை கழல்வதும் தொடி நெகிழ்வதும் நம் அகப்பாட்டில் எத்தனை! மாட்டியிருந்தது தானே விடுபடுகிறது என்ற அந்த நுட்பம் 'மாற்று' என்ற சொல்லில் இல்லை.

திருப்பத்தூரிலிருந்து:

வேங்கைக்கு இரண்டு பொருள் உண்டு, சரி. அவை ஒன்றுக்கொன்று நேர் எதிர் இல்லையே ஐயா. வளை தானே கழலும். லென்சு தானே கழன்றால் தரையில் விழுந்து உடையும். அதைக் கழற்ற வேண்டும்.

காட்பாடியிலிருந்து:

வணக்கம். ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், இலக்கணம் அதிகம் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இது லென்ஸ் மாத்துற கேமராவா?"

சொல்லைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் சேருங்கள். ஒரு மே மாதம் ஏலகிரி போனேன். வளைவு ஒன்றில் பஸ் நின்றது. பள்ளத்தாக்கைப் பார்த்ததும் 18-55 மி.மீ. லென்சைக் கழற்றி, தூரத்தில் இருப்பதை இழுக்கும் 55-250ஐ மாட்டினேன். பக்கத்தில் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால், எஃப் 16இல், அதாவது ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கி எடுத்த ஒவ்வொரு படத்திலும் வானத்தின் இடப்பக்க மூலையில் கடுகளவு சாம்பல் புள்ளி. நாற்பது படத்திலும் அதே இடம். தூசி, படத்தைப் பதியும் சென்சார் மேல் உட்கார்ந்துவிட்டது. துளையைப் பெரிதாக்கி எஃப் 4இல் எடுத்தவற்றில் அது தெரியவே இல்லை. துளை சிறியதாக ஆக ஆகத்தான் அதன் நிழல் கூர்மையாக விழும்.

லென்சு கழலாத கேமராவில் இந்தத் தொல்லை குறைவு. ரிக்கோ ஜி.ஆர். 3 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம்தான், சட்டைப் பையில் போகும். ஆனால் அதன் பார்வை 28 மி.மீ. என்ற ஒரே அகலப் பார்வைதான். வள்ளிமலைப் பாறையில் மேலே இருக்கும் சமணச் சிற்பத்தின் முகம் வேண்டுமென்றால் அது எட்டாது. பி900 எட்டும், ஆனால் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களின் இருட்டில் அதன் சின்ன சென்சார் படத்தில் புள்ளிபுள்ளியாய் இரைச்சலைக் கொண்டுவரும். அங்கே எஃப் 1.8 லென்சு ஒன்றை மாட்டினால் யாளியின் பல் வரைக்கும் தெரியும். எது வாங்குவது என்பது எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆரணியிலிருந்து:

ஸ்டுடியோத் தம்பி சொன்னது பயனுள்ளது. சரி, இணைவில்லையை விட்டுவிடுகிறேன். 'உடன்வில்லை' என்று வைப்போம். உடன்பிறப்பு போல. இதில் இல்லை என்ற ஓசைப் பிழையும் இல்லை, நிலை என்ற குழப்பமும் இல்லை.

காட்பாடியிலிருந்து:

ஐயா, மன்னிக்கணும். பாடியோடு ஒரே பெட்டியில் கிட் லென்ஸ் வரும். உடன்வில்லை என்றால் எல்லோரும் அதைத்தான் நினைப்பார்கள். அது கழலும்.

வேலூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இரவு ஒன்பது ஆகிவிட்டது, காலையில் பக்கத்தை அனுப்ப வேண்டும். 'லென்சு கழலாத கேமரா', 'லென்சு கழற்றும் கேமரா' என்று எழுதுகிறேன். குழுவில் நால்வர் சரி என்று தனியாகவும் எழுதியிருக்கிறீர்கள். கலைச்சொல்லுக்கு உரிய இறுக்கம் இதில் இல்லை என்பது எனக்கும் குறைதான். ஆனால் அந்த மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். காட்பாடி அண்ணனின் புழுதிக் கதையைத் தனிக் கட்டமாகப் போடுகிறேன்.

ஆரணியிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் தந்தது விளக்கம், பெயர் அன்று. உடன்பிறந்தது வேறு, உடன்வந்தது வேறு. பெட்டியில் கூட வந்த லென்சுக்காக நல்ல சொல் ஒன்றைத் தள்ளிவிட்டீர்கள். என் கட்டுரைகளில் உடன்வில்லை என்றே எழுதுவேன்.