ஏறுநெற்றிக்கு எந்த ஒப்பரேஷன்? செய்தவர்கள் சொல்லுங்கள்

ஹட்டன் அக்கா:
எனக்குப் பிறந்ததிலிருந்தே ஏறுநெற்றி, பள்ளிக்கூடத்தில் 'கிரவுண்ட்' என்றுதான் பட்டப்பெயர். கொழும்பில் பார்த்த டொக்டர் முதலில் கேட்டது, முடி கொட்டிக் கொட்டி நெற்றி ஏறியதா, இல்லை சின்ன வயதிலிருந்தே இப்படித்தானா என்று. பழைய படங்களைக் காட்டினேன். அப்புறம் தலைத்தோலை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்; அது நன்றாக அசைந்தால்தான் நெற்றியைக் குறைக்கும் ஒப்பரேஷன் சரிவருமாம். முடி தொடங்கும் ஓரத்தில் வெட்டி, நெற்றித்தோலில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு, முடியுள்ள தோலை முன்னுக்கு இழுத்துத் தைக்கிறார்கள். ஒரே தடவையில் 2 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கும், கட்டு அவிழ்த்ததுமே வித்தியாசம் தெரியும். ஆனால் தழும்பு இருக்கும். வெட்டைச் சாய்வாகப் போடுவதால் அதற்குள்ளாலேயே முடி முளைத்து ஓரளவு மூடுகிறது, காற்றடித்தால் கிட்ட நிற்பவர்களுக்குத் தெரியத்தான் செய்யும். உச்சந்தலை மாதக்கணக்கில் மரத்துக் கிடந்தது, வேறு யாரோ தலையை வாருவது மாதிரி இருக்கும்.

நுவரெலியா தம்பி:
அக்கா, அது எனக்கு வேண்டாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் மாமாமாருக்கும் வழுக்கை, எனக்கும் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டு போகிறது. இழுத்துத் தைத்த பிறகு முடி இன்னும் பின்னால் போனால் தழும்பு மட்டும் நெற்றியில் தனியாக நிற்கும். அதனால் முடி நட்டேன். பின்மண்டையிலிருந்து முடியை எடுத்துத்தான் முன்னுக்கு நடுகிறார்கள்; அங்கே தோலைப் பட்டையாக வெட்டியெடுத்தால் கோடாகத் தழும்பு விழும், நான் ஒட்ட வெட்டுகிறவன். அதனால் வேர்வேராக எடுக்கும் எப்.யூ.ஈ. முறைக்குப் போனேன். நட்ட முடி சில வாரத்தில் உதிரும், வேர் உள்ளே இருக்கும், 3, 4 மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுசாகத் தெரிய ஒரு வருஷம். உதிர்ந்த நேரத்தில் வீட்டில், 'காசையும் கொட்டி, முடியையும் கொட்டிட்டு வந்திருக்கான்' என்று ஒரே பேச்சு. அதைவிடக் கொடுமை குளிர். நட்ட இடத்தில் உரசக்கூடாது என்பதால் ஆரம்பத்தில் கம்பளித் தொப்பியும் இல்லை, தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டரும் இல்லை, பட்டன் சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பழைய முடி கொட்டாமலிருக்க இன்னும் பினாஸ்டரைட் மாத்திரை குடிக்கிறேன்.

தலவாக்கலை:
எங்கள் அம்மாவுக்குக் தேயிலைக் கொழுந்துக்கூடைக் கயிறு தலையில் அழுத்தின இடத்தில் முடியே இல்லை. பின்னலை இறுக்கிப் போட்டுப் போட்டு எனக்கும் முன்பக்கம் போய்விட்டது. வேர் செத்த இடத்தில் எண்ணெய் தேய்த்து ஒன்றும் ஆகாது, இழுவையை நிறுத்திய பிறகு நடலாம் என்றார்கள். ஆனால் காது குத்திய இடமே எனக்குப் புடைத்துக் கட்டியானது, தோலில் கத்தி வைக்கிற எதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார் டொக்டர். அக்கா, உங்கள் தழும்பின் மேலேயே முடி நடலாமாமே, கேட்டீங்களா?

ஹட்டன் அக்கா:
கேட்டேன் தங்கச்சி. தழும்பு நன்றாக ஆறிய பிறகு நடலாமாம். முதலில் காசு சேரட்டும்.