மறு: ரீஸ்டோரேஷனுக்குத் தமிழ்ச் சொல் – ‘உருமீட்பு’ சரியாக வருமா?

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். பழைய பொருளை அதன் பழைய நிலைக்கே கொண்டுவரும் ‘ரீஸ்டோரேஷன்’ வேலைக்கு நம் குழுமத்தில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதில் அண்ணாச்சி எழுதியதற்கு என் பதில் இது.

> பழைய வண்டியை ரீஸ்டோர் செய்வதைப் ‘புதுப்பித்தல்’ என்றே சொல்லிவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணாச்சி, ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடுகிறது. எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த 1951ஆம் ஆண்டு ஷெவர்லே பிக்கப், பல வருடம் தொழுவத்தில் சும்மா கிடந்தது. போன மாசியில் அதை டவுனில் ஒரு பட்டறையில் விட்டு, “புதுப்பித்துக் கொடுங்க” என்றேன். இரண்டு வாரம் கழித்துப் போனால், இடது மட்கார்டில் விரல் தடிமனுக்குப் பட்டி பூசி, மேலே பளபளவென்று மெட்டாலிக் நீலம் அடித்திருந்தார்கள். பட்டிக்கு அடியில் துருப்பிடித்த ஓட்டை அப்படியே இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுசாக்கச் சொன்னேன், புதுசாக்கிவிட்டார்கள். எனக்கு வேண்டியது புதுசு இல்லை, பழசு. அதைச் சொல்ல அன்று என்னிடம் ஒரு சொல் இல்லை.

இப்போது வண்டி பேட்டையில் ஒரு வயதான டிங்கர் ஆசாரியிடம் இருக்கிறது. அவர் முதலில் செய்த வேலை, சீட்டைக் கழற்றிவிட்டு, பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளேடால் சுரண்டியதுதான். நீலத்துக்கு அடியில் சாம்பல், அதற்கடியில் ஒரு மங்கலான சிவப்பு, அதற்கும் அடியில் கரும்பச்சை. டேஷ்போர்டின் பின்பக்கத்திலும் அதே பச்சை. அமெரிக்காவில் அந்த ஆண்டுகளில் ஷெவர்லே லாரிகளுக்கு வழக்கமாக அடித்த நிறம் அது. “இதுதான் பிறந்த கலர்” என்றார் ஆசாரி. மணல் பீய்ச்சிப் பெயிண்டை உரிக்கலாமா என்று கேட்டேன். பெரிய தகரம் சூடாகி நெளிந்துவிடும், கையாலேயே உரிப்போம் என்றுவிட்டார். கோயில் சுவர்களில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யப்போய்க் கல்வெட்டு எழுத்தெல்லாம் மழுங்கிய கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எஞ்சினிலும் இதே கேள்விதான்: பழையபடியே செய்வதா, புதுசாக மாற்றுவதா? இந்த வண்டியின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குக் கழற்றி மாற்றுகிற மாதிரி தனி பேரிங் ஓடு கிடையாது. உருக்கிய வெள்ளை உலோகத்தை ராடிலேயே ஊற்றி, லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஆயிலை அள்ளிக்கொள்ளும். பின்னாளில் வந்த 235 எஞ்சினில் முழு ஆயில் பிரஷர் உண்டு, அதை மாட்டினால் வேலை சுளுவு. மின்சாரமும் 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டால் கடையில் எந்த பல்பும் கிடைக்கும். 6 வோல்ட் என்றால் ஒயரே தடிமனாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்லைட் மினுக்கட்டான் பூச்சி மாதிரிதான் எரியும். ஆக, ஒரே வண்டிக்கு இரண்டு வழி. இரண்டையும் பட்டறையில் ‘ரீஸ்டோர்’ என்றே சொல்கிறார்கள். நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

‘மறுசீரமைப்பு’ கடனுக்கும் கட்சிக்கும் போய்விட்டது. ‘மீட்டமைப்பு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கைபேசியில் ‘மீட்டமை’ என்பதை அழுத்தினால் உள்ளதெல்லாம் அழிந்து வெறுமையாகிவிடுகிறது. நாம் செய்வது அதற்கு நேரெதிர். ‘அசல் மீட்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வட்டிக்குக் கொடுத்தவர் முதலைத் திரும்ப வாங்குவது போல இருக்கிறது.

> கல்வெட்டில் ‘புதுக்குதல்’ இருக்கிறதே. கோயில் பழுதுபார்க்க விட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று பேர்.

அக்கா சொன்னதைப் படித்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அழகான சொல். கோயிலுக்கும் குளத்துக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அங்கே வழிபாடும் பாசனமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வண்டிக்கு வரும்போது அதற்குள் இருக்கும் ‘புது’ மறுபடியும் என்னை அந்த நீல மட்கார்டுக்கே கொண்டுபோய் விடுகிறது.

என் பரிந்துரை உருமீட்பு. வினையாக, உருமீட்டான், உருமீட்ட வண்டி. பக்கத்திலேயே ‘உருமாற்றம்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. 12 வோல்ட், ஏசி, டிஸ்க் பிரேக் என்று பழைய கூட்டுக்குள் புதிய வண்டியை வைப்பது உருமாற்றம். வெள்ளை உலோகம் ஊற்றி, கரும்பச்சை அடிப்பது உருமீட்பு. ஓடுகிற அளவுக்குச் சரிசெய்வதற்குச் ‘செப்பனிடல்’ போதும். இருப்பதை இருக்கிறபடியே கெடாமல் வைத்துக்கொள்வது ‘பேணல்’.

‘உரு’ என்றால் வெளித்தோற்றம் மட்டும்தானே, எஞ்சின் எங்கே வருகிறது என்று யாராவது கேட்கலாம். நம் பேச்சில் உரு அவ்வளவு மேலோட்டமான சொல் இல்லை. உருப்படாதவன் என்று திட்டினால் அவன் மூஞ்சியையா சொல்கிறோம்? ஒரு பொருள் முழுமையாக ஆகி நிற்பதுதான் உரு.

எதுவரை மீட்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். பழங்கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 9ஆம் பிரிவு, ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே மீட்பு வேலை நின்றுவிட வேண்டும் என்கிறது. கலைச்சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது இந்த வரம்பையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் விருப்பம். இதில் சட்டமும் இருக்கிறது. 2021இல் வந்த ஒன்றிய அரசின் விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்டு, பிறந்த வடிவிலேயே இருக்கும் வண்டிக்குத்தான் நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்துள்ள பழம்பெரும் வாகனப் பதிவு கிடைக்கும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிதாகக் கைவைத்திருந்தால் கிடைக்காது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதும் ஒருவர் ‘புதுப்பித்த வண்டி’ என்று எழுதினால், அவர் தன் வாயாலேயே தன் வண்டியைத் தள்ளிவைத்ததாக ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தச் சொல்லை ஆசாரியிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “உருமீட்பு... அப்போ பட்டி கூடாதுல்லா தம்பி?” என்றார். தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி அந்த மட்கார்டை அவர் சமன்செய்துவிட்டார். வளைவில் கை வைத்துத் தடவினால் ஒட்டு எங்கே என்று தெரியவில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அதற்கு என்னிடம் சொல் இல்லை. வலது கதவின் விளிம்பில், கண்ணாடியை இறக்கிவிட்டுத் தாத்தா முழங்கையை ஊன்றி ஓட்டும் இடத்தில், எல்லாப் பெயிண்டும் தேய்ந்து தகரம் வழவழவென்று பழுப்பாக மின்னுகிறது. துரு இல்லை, அழுக்கும் இல்லை. ஒரு சாண் நீளம் இருக்கும். அதன்மேல் பச்சை அடிக்கவேண்டாம், மெல்லிய மெழுகு மட்டும் போதும் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். இப்படிக் கைபட்டு, காலம்பட்டு ஏறிய பழுப்புக்கு என்ன பேர் வைப்பது? ‘களிம்பு’ என்றால் செம்புப் பாத்திரம் கெட்டுப்போன பொருள் வருகிறது. ‘காலமெருகு’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது, ஆனால் அது ஒட்டிக்கொள்ளுமா என்று தெரியவில்லை. பழைய ஊஞ்சல் பலகைக்கும் உரல் விளிம்புக்கும் உங்கள் வீட்டில் பெரியவர்கள் ஏதாவது சொல் சொல்வார்களா? கேட்டு எழுதுங்கள்.