கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, சொந்தக்காரங்களுக்கு இனிமே நன்றிக் கடிதம் எழுதலாமா?

கொளத்தூர்க்காரி:
ஆவணியில் எனக்குக் கல்யாணம். இப்போ மாசி. மொய் நோட்டு பீரோவில் புடவைக்கு அடியிலேயே கிடந்தது, போன வாரம்தான் எடுத்துப் பிரிச்சேன். "அருப்புக்கோட்டை பெரிய அத்தை, 501, குத்துவிளக்கு 1" என்று பச்சை மசியில் எழுதியிருந்தது. அத்தைக்கு 72 வயசு. ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலம் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி மாறி, அந்தப் பித்தளை விளக்கை மடியிலேயே வெச்சுக்கிட்டு மண்டபத்துக்கு வந்தாங்க. மேடையில் போட்டோவுக்கு நின்னது அரை நிமிஷம். அதுக்கப்புறம் நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. அவங்களுக்கும் இன்னும் ஒரு பதினஞ்சு பேருக்கும் கைப்பட எழுதணும்னு இருக்கு. வீட்டுக்காரர் "சொந்தத்துக்குள்ள என்ன நன்றி"ங்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?

மேற்கு மாம்பலம் 33:
நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. அத்தைக்கு நன்றி சொன்னா "என்னடி, என்னை மூணாம் மனுஷி ஆக்கிட்டே"ன்னுதான் கேப்பாங்க. நம்மகிட்ட நன்றி வாயில் இல்லை, கையில் இருக்கு. வாசலில் தேங்காய் வெத்தலையோட தாம்பூலப் பை எதுக்குக் கொடுக்கிறோம்? மொய் நோட்டை எதுக்கு வருஷக்கணக்கா வெச்சிருக்கோம்? நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போய், 501 செஞ்சவங்களுக்கு அதைவிடக் கூடச் செய்யத்தானே! மதுரைப் பக்கம் இப்போ மொய்க்குக் கம்ப்யூட்டர் ரசீதே கொடுக்கிறாங்க. கார்டு எழுதி அனுப்புறதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்.

பெரம்பூர் ரயிலடி:
வெள்ளைக்காரன் பழக்கமா? எங்க தாத்தா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடுதாசி எல்லாத்தையும் அதில் குத்தி வெச்சிருப்பார். அவர் போனதுக்கப்புறம் ஒவ்வொண்ணா உருவிப் படிச்சோம். மேலே பிள்ளையார் சுழி, "நலம், நலமறிய ஆவல்." அடுத்த வரியே, "தாங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் வந்து சேர்ந்தன, பிள்ளைகள் ஆசையாகத் தின்றார்கள்." இன்லண்டு லெட்டரில் இடம் போதாமல் ஒட்டுற மடிப்பு ஓரம் வரைக்கும் சுத்திச் சுத்தி எழுத்து. நன்றிங்கிற வார்த்தை எதிலும் இல்லை. ஆனா வந்து சேர்ந்ததுன்னு சொல்லாம யாரும் விட்டதில்லை.

மேற்கு மாம்பலம் 33:
அப்போ வீட்டுக்கு வீடு போன் கிடையாது. 2013லயே தந்தியை நிறுத்தியாச்சு. போனை எடுத்து ரெண்டு நிமிஷம் பேசினா முடிஞ்சுது. ஆறு மாசம் கழிச்சு திடீர்னு தபால் வந்தா வயசானவங்க என்னமோ ஏதோன்னு பதறிடுவாங்க.

கொளத்தூர்க்காரி:
அத்தைக்குக் காது மந்தம் அண்ணா. போன் போட்டா "நல்லா இருக்கியா, நல்லா இருக்கியா"ன்னு அவங்களே கேட்டுட்டு வெச்சுடுவாங்க. தினத்தாளை மட்டும் எழுத்துக் கூட்டி ஒரு வரி விடாமப் படிப்பாங்க.

மேற்கு மாம்பலம் 33:
அப்போ அவங்களுக்கு அவசியம் எழுதணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மத்த பதினஞ்சு பேர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

நங்கநல்லூர் தாத்தா:
இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நன்றி என்ற சொல்லுக்கு ஆதியில் நன்மை, உதவி என்றுதான் பொருள். அதனால்தான் செய்ந்நன்றி அறிதல் என்கிறோம். செய்தது என்னவென்று நான் அறிவேன் என்று காட்டினால் போதும், உறவு அந்நியமாகிவிடாது.

என் தங்கை மகனுக்குக் கல்லூரியில் முதல் தவணைக் கட்டணம் நான் கட்டினேன். இரண்டு வருஷம் ஒரு பேச்சும் இல்லை, எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. கவுன்ட்டர் வரிசையில் நான் செருப்பைக் கழற்றி அதன்மேல் நின்றதையும், சலானில் அவன் பெயரைத் தப்பாக எழுதி அடித்து எழுதியதையும் ஞாபகம் வைத்து எழுதியிருந்தான். பாஸ்புக்கோடு அதையும் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத் தாமதம் அந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது என் மனசில் இல்லை.

ஆகவே அம்மா, பதினாறு பேருக்கும் ஒரே வாசகத்தை எழுதாதே. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். தாமதத்துக்கு வருத்தம் ஒரே வரி போதும், அரைப் பக்கம் மன்னிப்புக் கேட்டால் அது உன்னைப் பற்றிய கடிதமாகிவிடும். விளக்கை எங்கே வைத்திருக்கிறாய், யார் ஏற்றுகிறார்கள் என்று எழுது. இன்லண்டு லெட்டர் இரண்டரை ரூபாய்தான்.

மேற்கு மாம்பலம் 33:
ஐயா சொன்னதை ஏத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. என் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு சொந்தக்காரர் ரொம்ப உருக்கமா கடிதம் எழுதினார். அப்பா தவறினப்போ எட்டிக்கூடப் பார்க்கலை. அந்தக் கடிதத்தை நான் இன்னும் திரும்ப எடுக்கலை. எழுதுறவங்க போகவும் வேணும்.

கொளத்தூர்க்காரி:
விளக்கு சாமி ரூமில் இருக்கு. வெள்ளிக்கிழமை மாமியார் ஏத்துவாங்க. அதைத்தான் முதல் வரியா எழுதினேன், நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன். வைகாசியில் அத்தை பேத்திக்குக் காதுகுத்தாம். ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடச் சொல்லிட்டேன்.