பெரிய தோட்டத்துக் குடும்பம்: கார்த்தியின் டிரெய்லர் ஆடிக் காற்றில் போகிறது

செவ்வாய்க்கிழமை

கார்த்தி (இரவு 8:41): எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கிச் சமைக்கிற நம் டிரெய்லரைக் காரில் இழுத்துக்கொண்டு தாளவாடி மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நண்பனின் தோட்டம், கரண்ட் கிடையாது. இரண்டு இரவு. நான், திவ்யா, அம்மா, பிள்ளைகள் இருவர். இப்போது ஒரு 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியும் 400 வாட் சோலாரும் இருக்கின்றன. இன்னொரு பேட்டரி வாங்கிவிடலாமா? ஏசி ஓட வேண்டும்.

செங்கோட்டு மாமா: பேட்டரி கிடக்கட்டும் மாப்பிள்ளை. ஸ்டெப்னி இருக்கிறதா?

கார்த்தி: இருக்கிறது மாமா.

செங்கோட்டு மாமா: காருக்குக் கேட்கவில்லை. டிரெய்லருக்கு.

கார்த்தி: வண்டி கட்டிய இடத்தில் கொடுக்கவில்லை.

செங்கோட்டு மாமா: பேட்டரிக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை வாங்கு.

கோவை சித்தப்பா (8:52): ஏசிக் கணக்கை நான் சொல்கிறேன். உன் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர். பெருக்கினால் 1,280 வாட் அவர், அதாவது 1,280 வாட்டை ஒரு மணி நேரத்துக்குத் தரும். ஒரு டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரம், இரண்டுக்கு இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான். ஆடி மாதத்தில் தாளவாடியில் ஏசி எதற்கு? போர்வைதான் வேண்டும்.

திவ்யா: இதைத்தான் நானும் சொன்னேன் மாமா.

கோவை சித்தப்பா: ஏசியை விட்டுவிட்டுப் பார். 12 வோல்ட் பிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 வாட் அவர். 30 வாட் மின்விசிறி இரண்டு, 8 மணி நேரம், 480. விளக்கு, செல்போன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 150. மொத்தம் 1,130. உன் 400 வாட் பேனல் நல்ல வெயிலில், இழப்பெல்லாம் போக, 1,300 தரும். ஆடியில் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள். அப்போதும் ஒரு நாளைக்கு 450, 500 தான் துண்டு விழும். வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுக் கிளம்பினால் இரண்டு இரவு தாங்கும். பிரிட்ஜையும் வீட்டுக் கரண்டில் முந்தின நாளே குளிரவைத்து, உள்ளே சாமான் அடுக்கிவிட வேண்டும். சூடான பிரிட்ஜைக் குளிரவைப்பதற்குத்தான் பேட்டரி அதிகம் செலவாகும்.

கார்த்தி: ஓடும்போது காரிலிருந்து சார்ஜ் ஏறுமா?

கோவை சித்தப்பா: நடுவே கரண்டை அளவாகக் கொடுக்கிற டிசி டு டிசி சார்ஜர் இருந்தால் ஏறும். 20 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஒரு மணி நேர ஓட்டத்தில் 250 வாட் அவர். நேராக ஒயர் இழுத்து லித்தியத்தில் கொடுத்துவிடாதே. அது கிடைப்பதையெல்லாம் உறிஞ்சும், காரில் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுப்போகும்.

அம்மா (8:59): மிக்ஸி ஓடுமா ஓடாதா? அதை யாரும் சொல்லவில்லை.

கோவை சித்தப்பா: ஓடும் அண்ணி. 750 வாட் மிக்ஸி 5 நிமிடம் ஓடினால் 65 வாட் அவர்கூட ஆகாது. இன்டக்‌ஷன் அடுப்பைத்தான் எடுத்து வரக்கூடாது. அரை மணி நேரத்தில் ஒரு பேட்டரியைக் குடித்துவிடும். அதோடு 2,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் ஒயரில் 160 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஒயர் மெல்லியதாக இருந்தால் தீயே பிடிக்கும்.

நந்தினி அக்கா (9:04): அமெரிக்காவில், அரிசோனாவில் இப்போது காலை, எல்லாவற்றையும் படித்தேன். கார்த்தி, பேட்டரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறாய், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர்?

கார்த்தி: 100 லிட்டர் அக்கா.

நந்தினி அக்கா: ஐந்து பேருக்கு? இங்கே மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பாலைநிலங்களில், பெரும்பாலான இடங்களில், 14 நாள் வரை இலவசமாக டிரெய்லரை நிறுத்திக்கொள்ளலாம். அவ்வளவு நாள் யாராலும் முழுதாக இருக்க முடிவதில்லை. கரண்டை வெயில் திருப்பித் தந்துவிடும், தண்ணீரை யாரும் திருப்பித் தருவதில்லை. நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாகும், இல்லையென்றால் கழிவுத் தொட்டி நிரம்பும். இரண்டில் ஒன்றுதான் ஊருக்குத் திரும்ப வைக்கும்.

செங்கோட்டு மாமா (9:10): அம்மணி சொன்னது முழு உண்மை. போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் லாரியிலேயே குடித்தனம். பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களுக்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. அங்கே பழகியதைச் சொல்கிறேன். குடிக்கிற தண்ணீர் தனி, புழங்குகிற தண்ணீர் தனி. குடிக்க ஆளுக்கு 3 லிட்டர், தொட்டியில் கலக்கவே கூடாது. ஷவரைத் திறந்தால் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் ஓடிவிடும். அரை வாளியும் சொம்பும் வைத்துக்கொண்டால் 8 லிட்டரில் ஒரு ஆள் குளித்து எழலாம். குழாய்க்கு அடியில் எப்போதும் ஒரு போசிப் பாத்திரம் இருக்கட்டும், கைகழுவிய தண்ணீர் பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு ஆகும்.

அம்மா: தட்டே வேண்டாம், வாழை இலை கொண்டுவருகிறேன். சமையலும் அரிசிம்பருப்புச் சாதம்தான். ஒரே குக்கர், ஒரே கரண்டி.

திவ்யா: அத்தை, பிள்ளைகள் இரண்டு வேளையும் அதையே சாப்பிடுவார்களா?

அம்மா: பசித்தால் சாப்பிடுவார்கள்.

செங்கோட்டு மாமா: 40 லிட்டர் பால் கேன் இரண்டு என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள். ஆனால் இங்கிருந்தே நிரப்பாதே. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. போய்ச் சேரும் ஊரில் நிரப்பு. தொட்டியையும் முழுதாகவோ காலியாகவோ வைத்து ஓட்டு. அரைகுறையாக இருந்தால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியை இழுக்கும்.

கார்த்தி: திம்பம் மலைப்பாதை ஏறும்போது காலியாகவே வைத்துக்கொள்கிறேன்.

செங்கோட்டு மாமா (9:19): அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். திம்பத்தில் 27 கொண்டை ஊசி. மேலிருந்து கரும்பு லாரி இறங்கும். நீ டிரெய்லரை எத்தனை தடவை பின்னால் எடுத்துப் பழகியிருக்கிறாய்? வளைவில் மாட்டினால் பின்னால்தான் எடுக்க வேண்டும், காரை ஒடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் டிரெய்லர் திரும்பும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 முதல் அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. நீ பெருந்துறையில் வேலை முடித்துச் சாயங்காலம் கிளம்பி எப்போது மலையடிவாரத்துப் பண்ணாரி போய்ச் சேர்வாய்?

கோவை சித்தப்பா: யானையும் இருக்கிறது. தாளவாடியில் தோட்டத்துக்குள்ளேயே வரும். உப்பு, வெல்லம், ராகி மாவு, வாழைப்பழம் எது உள்ளே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும். வால்பாறையில் ரேஷன் கடைச் சுவரையே இடித்து அரிசி எடுக்கிறது. உன் டிரெய்லர் சுவர் எந்த மூலைக்கு?

திவ்யா: நான் வரவில்லை.

கார்த்தி: பிறகு எங்கேதான் போவது? இங்கே அமெரிக்கா மாதிரி பொது நிலம் எங்கே இருக்கிறது?

கோவை சித்தப்பா: புறம்போக்கில் நிறுத்தினால் ஊரே வந்து விசாரிக்கும், காட்டில் நிறுத்தினால் வனத்துறை வரும். தெரிந்தவர்களின் பட்டா நிலம் ஒன்றுதான் வழி.

அத்தை (9:26): அப்பாரு (தாத்தா) பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்வதை எழுதுகிறேன். “காங்கேயத்துக் கொறங்காடு, நம் மேய்ச்சல் நிலம், எதற்கு இருக்கிறது? கரண்டும் இல்லை, யானையும் இல்லை. அங்கே இரண்டு ராத்திரி இருந்து பார்க்கட்டும். ஏதாவது மறந்திருந்தால் ஊருக்குப் போய் வாங்கி வரலாம். வண்டியில் பாரம் எப்படி ஏற்றியிருக்கிறான் என்று கேள். பின்பாரம் ஆனால் நுகம் தூக்கும், காளைக்குக் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிஞ்சினால் காளை படுத்துவிடும். மோட்டார் இழுத்தாலும் அதே கதைதான்.”

நந்தினி அக்கா: அப்பாரு சொன்னதைத்தான் இங்கே எண்ணாகச் சொல்கிறார்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும்.

செங்கோட்டு மாமா (9:33): மாப்பிள்ளை, வியாழக்கிழமை எடை மேடைக்குப் போவோம். டிரெய்லரைக் கழற்றி மொத்தமாக மேடையில் ஏற்றி ஓர் எடை. அடுத்து, சக்கரம் மட்டும் மேடையில், முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் வெளியே தரையில், மட்டமாக வைத்து இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கிப் பாரம். மொத்தம் 900 என்றால் 90 கிலோவாவது வர வேண்டும். ஆனால் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று உன் கார்ப் புத்தகத்தில் போட்டிருக்கும், அதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சாமானை இறக்கு, பின்னால் தள்ளிச் சமாளிக்காதே. கனமானது எல்லாம் அச்சுக்கு நேர் மேலே, கீழ்த் தட்டில். பரணில் போர்வை மட்டும்.

கார்த்தி: சரிங்க மாமா. ஒருவேளை வால் ஆட்டினால் என்ன செய்வது?

செங்கோட்டு மாமா: பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, வேகத்தைக் கூட்டி நேராக்கவும் பார்க்காதே. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, வேகம் தானாக இறங்கட்டும். பிறகு ஓரங்கட்டிப் பாரத்தை மாற்றி வை. இந்த மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். 60ஐத் தாண்டாதே. கொக்கிக்கு அடியில் பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டு, கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

கோவை சித்தப்பா: டிரெய்லருக்கும் பதிவு எண்ணும் காப்பீடும் இருக்கிறதல்லவா? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான்.

கார்த்தி: இரண்டும் இருக்கின்றன சித்தப்பா.

கோவை சித்தப்பா: நல்லது. ஓடும்போது பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்காதே. எவ்வளவு அழுதாலும்.

அத்தை (9:41): அப்பாரு மறுபடியும் சொல்கிறார். “ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். வண்டியின் மூக்கு மேற்கே பார்த்து நிற்கட்டும். கிளுவை வேலி ஓரம் வேண்டாம், வெள்வேல மரத்தடியும் வேண்டாம், முள் டயரில் ஏறும்.”

நந்தினி அக்கா: மரத்தடி வேறொரு காரணத்துக்காகவும் வேண்டாம். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். கூரைப் பேனலுக்காக வண்டி வெயிலில் நின்றால் உள்ளே வேகும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நான் நீள ஒயரோடு தரையில் விரிக்கிற பேனல் வாங்கினேன்: வண்டி நிழலில், பேனல் வெயிலில். இந்தக் காற்றில் அதைக் கட்டிப்போட வேண்டும், மணல் மூட்டையாவது வை. பக்கத் துணிக்கூரையை விரிக்கவே விரிக்காதே, கம்பியோடு பிய்ந்துபோகும்.

திவ்யா: அக்கா, கழிவறைப் பெட்டி? அதைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

நந்தினி அக்கா: பேச வேண்டியதே அதுதான். உன்னுடையது கழற்றி எடுக்கிற பெட்டி என்றால் 20 லிட்டர்தான் பிடிக்கும். ஐந்து பேர் என்றால் இரண்டு நாள்கூடத் தாங்காது, ஒரே நாளில் நிரம்பினாலும் ஆச்சரியமில்லை. ராத்திரிக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கி வை. நிரம்பினால் தெரிந்தவர் வீட்டுக் கழிப்பறையில் கொட்டு, செப்டிக் டேங்குக்குப் போகட்டும். கிணற்றுப் பக்கமோ ஓடைப் பக்கமோ வேண்டாம். அதற்குரிய திரவத்தை மட்டும் ஊற்று, பிளீச்சிங் பவுடர் கூடாது.

செங்கோட்டு மாமா: பாத்திரத் தண்ணீரைச் சல்லடையில் வடிகட்டி, சோற்றுப் பருக்கை இல்லாமல், தினம் ஓரிடமாக ஊற்றினால் போதும். பருக்கை விழுந்த இடத்தில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ராத்திரி டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

அம்மா (9:50): வெளியே மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டலாமா?

அத்தை: அப்பாரு போனையே பிடுங்கப் பார்க்கிறார். “கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கிறது, காற்றும் அடிக்கிறது. ஒரு பொறி போதும். விறகடுப்பு என்ற பேச்சே வேண்டாம்” என்கிறார்.

அம்மா: சரி, சரி. கேஸ்தான்.

கோவை சித்தப்பா: 5 கிலோ சிலிண்டர் போதும் அண்ணி. கார்த்தி, சிலிண்டர் வளையத்தின் உள்பக்கம் ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அப்படியே. அந்தக் காலாண்டோடு சோதனைக் கெடு முடிகிறது, கடந்திருந்தால் வாங்காதே. சிலிண்டர் வெளிப்பெட்டியில் நின்றபடி இருக்கட்டும், ஓடும்போது வால்வு மூடியிருக்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே பெட்டியின் அடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார், யாராவது அழகுக்காக அடைத்திருப்பார்கள். குளிருகிறது என்று அடுப்பை உள்ளே எரியவிட்டுத் தூங்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கார்த்தி: ஜெனரேட்டர் ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது, கொண்டுவரலாமா?

திவ்யா: வேண்டாம்.

நந்தினி அக்கா: வேண்டாம்.

கோவை சித்தப்பா: புகையும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். மேகம் மூடிப் பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்தால் பிரிட்ஜை அணைத்துவிட்டு இருக்கிற தயிரைக் குடித்துவிடுங்கள்.

செங்கோட்டு மாமா (9:58): நிறுத்தும் முறை ஒன்று பாக்கி. முதலில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, அதற்குப் பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது. ரசமட்டம் வைத்துப் பக்கவாட்டு மட்டம் பார், தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடு. நான்கு மூலைக் கால்களும் ஆடாமல் இருப்பதற்குத்தான், அவற்றை வைத்து வண்டியைத் தூக்காதே, வளைந்துபோகும்.

கார்த்தி: சரிங்க மாமா. காங்கேயமே போகிறோம். தாளவாடியைத் தைக்குப் பிறகு பார்க்கலாம். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு எடை மேடை?

செங்கோட்டு மாமா: ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன். சிலிண்டர், போர்வை, பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வா. வெறும் வண்டியை நிறுத்துப் பார்ப்பதற்கு நான் திருச்செங்கோட்டிலிருந்து வர வேண்டியதில்லை.

அம்மா: தம்பி, வரும்போது அந்தப் பால் கேனை நன்றாகக் கழுவி எடுத்துவா. போன தடவை மோர் வாசம் அடித்தது.