மாணிக்கம் தாத்தா குடும்பம்: யாழினியின் தோட்டா ஆர்டர்

வியாழன், காலை 6:52

செல்வம்: எல்லோருக்கும் வணக்கம். ஓர் அவசர விஷயம். யாழினி ஏர் ரைபிளை விட்டு .22 ரைபிளுக்கு (குழாய் 0.22 அங்குலம்) மாறிவிட்டாள். அவள் துப்பாக்கி சுடும் கிளப்பில் மொத்தமாகத் தோட்டா ஆர்டர் போடுகிறார்கள். மாலை 6 மணிக்குள் எந்த வகை, எத்தனை பெட்டி என்று சொல்லியாக வேண்டும். அண்ணே, பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வம்: [படம்: கிளப்பின் பட்டியல். எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி டெனெக்ஸ், ஹை வெலாசிட்டி]

வசந்தா: வாழ்த்துகள் யாழினிக் கண்ணு 💐

முருகேசன்: ஞாயிறு நம் திவ்யா வளைகாப்புக்கு எத்தனை பேர்? மூன்று வீடு இன்னும் பதில் சொல்லவில்லை. சமையல்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

வசந்தா: இரு தம்பி. முதலில் பிள்ளை விஷயம்.

முருகேசன்: தோட்டாதானே? அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பை கிடக்கிறது. பரணில்தான். எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்?

யாழினி: சித்தப்பா 😄 அது 12 போர், தாத்தாவின் ரவைத் துப்பாக்கிக்கு. என் ரைபிளுக்குச் சேராது.

முருகேசன்: எல்லாம் துப்பாக்கிதானே.

சுந்தரம்: முருகேசா, அந்தப் பையைத் தொடாதே. டீ குடித்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

பிரபு: மாமா டீ குடித்துவிட்டு வருகிறார் என்றால் எல்லோரும் போனைச் சார்ஜில் போடுங்கள்.

காலை 7:31

சுந்தரம்: ஒரு தோட்டாவில் நாலு பொருள். பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வாயில் செருகிய ஈயக் குண்டு. யாழினியின் .22 லாங் ரைபிள் தோட்டாவில் பிரைமர் தனித் துண்டாக இருக்காது. கூட்டின் அடி விளிம்புக்கு உள்ளேயே அந்தக் கலவை சுற்றிலும் இருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் பற்றிக்கொள்ளும். அதனால் ரிம்ஃபயர். ராணுவ ரைபிள் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நடுவே ஒரு வட்டப் பொட்டு தெரியும். அது சென்டர்ஃபயர். அந்தக் கூட்டில் பிரைமரை மாற்றி மறுபடி நிரப்பலாம். .22 கூடு ஒரு தடவைதான். அதாவது கம்பெனி என்ன தரத்தில் போட்டுக் கொடுக்கிறதோ அதுதான், நாம் வீட்டில் திருத்த முடியாது. ஆகவே தேர்வு முக்கியம்.

வசந்தா: சரி அண்ணே.

கலா: மாமா, மூன்றாவதாக இருக்கிறதே, ஹை வெலாசிட்டி. விலை பாதிகூட இல்லை. வேகமும் அதிகமாம். அது நல்லதுதானே?

சுந்தரம்: அதுதான் வேண்டவே வேண்டாம் கலா.

கலா: ஏன் மாமா?

சுந்தரம்: சொல்கிறேன். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. ஹை வெலாசிட்டி குண்டு துப்பாக்கிக் குழாயை விட்டு 380 அளவில் கிளம்பும். ஒலியை முந்திக்கொண்டு போகும், போகப் போகக் காற்று அதைப் பிடித்து இழுக்கும். 50 மீட்டரில் இலக்கு அட்டையைத் தொடுவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த எல்லையைக் கடக்கும் இடத்தில் குண்டைச் சுற்றிய காற்று குலுங்கி, குண்டும் லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் போதும், பத்து மதிப்பெண் ஒன்பதாகிவிடும். போட்டிக்கென்று செய்யும் தோட்டாக்களை 330 அளவிலேயே வைத்திருப்பது இதனால்தான். தொடக்கத்திலிருந்தே ஒலிக்குக் கீழே, கடக்கும் வேலையே இல்லை. இரண்டுக்கும் குண்டின் எடை பெரும்பாலும் 40 கிரெய்ன், சுமார் 2.6 கிராம்தான். வேகம்தான் வேறு.

யாழினி: கோச்சும் இதேதான் சொன்னார் பெரியப்பா. அந்த வகையை எங்கள் ரேஞ்சில் (சுடும் களத்தில்) யாரும் போட்டிக்கு எடுப்பதில்லை.

கலா: அப்படியென்றால் பட்டியலில் ஏன் போட்டார்கள்?

யாழினி: ஒரு சீனியரிடம் மிச்சம் இருக்கிறதாம். கிளப் மூலமாகத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

முருகேசன்: வேகம் அதிகம் என்றால் பன்றியைச் சுட நல்லது.

சுந்தரம்: பன்றிக்கு .22ஐ நினைக்கவே நினைக்காதே. எதற்கும் அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றி மேல் கை வைக்காதே.

முருகேசன்: நான் எங்கே வைத்தேன்? பச்சைமலை அடிவாரத்தில் மரவள்ளி போட்டுப் பாருங்கள், தெரியும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் போய்விடும். துப்பாக்கி இருந்தும் என்ன? தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படை, முடிந்ததும் போய்த் திரும்ப வாங்கு. இதற்கே என் காலம் போகிறது.

வசந்தா: அப்பா துப்பாக்கியின் லைசன்ஸ் உன் பெயருக்கு மாறும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

முருகேசன்: அக்கா, கையெழுத்து வாங்க வந்தேனே, நீங்கள் திருப்பதி போயிருந்தீர்கள்.

வசந்தா: திரும்பி வந்தேன் அல்லவா.

செல்வம்: அக்கா, அது இப்போது வேண்டாம்.

பிரபு: ஒரு யோசனை. நியூரம்பெர்க்கிலிருந்து ஃபுர்த் மெட்ரோ தூரம்தான். ஆர்.டபிள்யூ.எஸ். தோட்டாக் கம்பெனி அங்கேதான். நாளை ராத்திரி எனக்கு ஃபிளைட். அவர்களுடைய ஆர் 50 போட்டித் தோட்டா நாலு பெட்டி சூட்கேஸில் போட்டுக்கொண்டு வரட்டுமா? வளைகாப்புக்குச் சாக்லேட், யாழினிக்குத் தோட்டா.

சுந்தரம்: வேண்டாம்!!

சுந்தரம்: பிரபு, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். முதலில், அங்கேயே அனுமதிச் சீட்டு இல்லாமல் உனக்கு விற்க மாட்டார்கள். இரண்டாவது, இங்கே இறங்கும்போது பையில் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. ஜேபியில் மறந்துபோய் வைத்தேன் என்பதெல்லாம் விமான நிலையத்தில் எடுபடாது. போட்டிக்காரர்களே லைசன்ஸ், அனுமதிக் கடிதம், விமானக் கம்பெனியின் சம்மதம் எல்லாம் வைத்துக்கொண்டு, தனிப் பெட்டியில், ஆளுக்கு 5 கிலோவுக்குள்தான் கொண்டுபோவார்கள். நீ சாக்லேட்டோடு வா.

பிரபு: சரி மாமா, சரி. கேட்டதோடு சரி.

வசந்தா: டேய், அடி வாங்குவாய். பெட்டியை நான் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும், வீடியோவில் காட்டு.

திவ்யா: எனக்கு ஹேசல்நட் உள்ளது 🙋‍♀️

காலை 8:05

சுந்தரம்: இப்போது விஷயத்துக்கு வருவோம். மிச்சம் இரண்டு. எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி டெனெக்ஸ். இரண்டாவது ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. செல்வம், உனக்குக் கை எதன் பக்கம் போகிறது?

செல்வம்: விலை கூடினால் நல்லதாகத்தானே இருக்கும் அண்ணே? பிள்ளைக்குக் குறை வைக்கக்கூடாது.

சுந்தரம்: இங்கேதான் எல்லோரும் காசை விடுகிறார்கள். எந்தத் தோட்டா நல்லது என்பதைப் பெட்டி சொல்லாது, அந்தக் குழாய்தான் சொல்லும். ஒவ்வொரு பெட்டியிலும் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், அச்சடித்திருக்கும். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. லாட் மாறினால் அதே துப்பாக்கியில் வேறு மாதிரிச் சுடும். ஈயம், மருந்து, மெழுகுப் பூச்சு, கூட்டின் விளிம்பு, இவற்றில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும். ஒரு லாட் ஒரு குழாய்க்கு ஒத்துப்போகும், பக்கத்துக் குழாய்க்கு ஒத்துப்போகாது.

யாழினி: உண்மை அத்தை, நான் பார்த்திருக்கிறேன். சுஜி அக்காவின் ரைபிளைத் தாங்கியில் இறுக்கி வைத்து இரண்டு லாட் சுட்டார்கள். ஒன்றில் பத்துக் குண்டும் ஒரே ஓட்டை மாதிரி, பத்து ரூபாய்க் காசுக்குள் அடங்கியது. இன்னொன்றில் மேலும் கீழுமாக நீண்டு போய்விட்டது. இரண்டும் டெனெக்ஸ்தான்.

வசந்தா: எனக்கு எதற்குச் சொல்கிறாய், உங்கள் அப்பாவிடம் சொல்.

செல்வம்: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா.

சுந்தரம்: மேலும் கீழுமாக நீளுவதைக் கவனி. அது அந்த லாட்டில் வேகம் ஒரே சீராக இல்லை என்பதற்கு அடையாளம். மெதுவாகப் போன குண்டு கீழே விழும். சுடுகிறவள் மூச்சைப் பிடித்தது சரி, விசையை அழுத்தியது சரி, மதிப்பெண் மட்டும் குறையும். பிள்ளை தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பிப்பாள். எனக்கு அதுதான் கவலை. 50 மீட்டர் அட்டையில் பத்தின் வட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 5.6. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டால் பத்து. இவ்வளவுதான் இடம்.

வசந்தா: இத்தனூண்டு வட்டத்துக்கா இந்தப் பாடு? நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் வீட்டுப் பிள்ளை பாரிஸ் ஒலிம்பிக் போனாரே, அவரும் இப்படித்தானா?

யாழினி: பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் அத்தை. வானத்தில் பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது. அதுதான் 12 போர். தோட்டாவுக்குள் ஒரே குண்டு இருக்காது, 24 கிராம் சின்ன ரவைகள். நான் சுடுவது ஸ்வப்னில் குசாலே அதே பாரிஸில் வெண்கலம் வாங்கியதே, அந்த 50 மீட்டர் மூன்று நிலை. மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20.

முருகேசன்: பார்த்தீர்களா, ஒலிம்பிக்கிலேயே 12 போர்தான். அப்பா துப்பாக்கியை இளக்காரமாகப் பேசினீர்கள்.

சுந்தரம்: யாரும் இளக்காரமாகப் பேசவில்லை. அப்பா வைத்திருந்தது எல்.ஜி., எஸ்.ஜி. என்ற பெரிய ரவைத் தோட்டா. டிராப்பில் ரவை 2.6 மில்லிமீட்டரைத் தாண்டவே கூடாது. அப்புறம், பரணில் இருப்பது காகிதக் கூடு. ஈரம் பட்டால் ஊதிவிடும். துப்பாக்கியில் தோட்டா போடும் அறைக்குள் சிக்கும், சுட்டால் என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உன் லைசன்ஸில் ஏறாத தோட்டா வீட்டில் இருப்பதே தவறு. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிடு.

முருகேசன்: அப்பா கையால் வாங்கியது அது.

சுந்தரம்: எனக்கும் அப்பாதான்டா.

முருகேசன்: வளைகாப்பு முடியட்டும், பார்க்கலாம்.

திவ்யா: அப்பா, அந்தப் பரணுக்கு நேர் கீழேதான் என் மனையைப் போடப்போகிறீர்களா?

முருகேசன்: இடம் மாற்றிவிடலாம்மா.

காலை 9:40

செல்வம்: அண்ணே, சரி, இப்போது என்ன சொல்ல?

சுந்தரம்: இன்று மொத்த ஆர்டர் போடாதே. எஸ்.கே.யில் இரண்டு லாட், டெனெக்ஸில் இரண்டு லாட், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி கேள். பெட்டிக்கு 50. கிளப்பில் அவள் சுடும் அந்த ஆன்ஷூட்ஸ் ரைபிளையே தாங்கியில் வைத்து, ஒவ்வொரு லாட்டிலும் பத்து பத்தாகச் சுடட்டும். லாட் மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, முந்தைய லாட்டின் மெழுகு குழாயில் இருக்கும். எது இறுக்கமாக விழுகிறதோ அதே எண்ணில் சீசன் முழுவதுக்கும் வாங்கு. எஸ்.கே. ஜெயித்தால் எஸ்.கே.தான். கூச்சப்பட வேண்டாம்.

யாழினி: சனிக்கிழமை காலை ரேஞ்ச் காலி பெரியப்பா. சுடலாம்.

கலா: சனிக்கிழமை வளைகாப்புக்குத் துறையூர் கிளம்ப வேண்டுமே. சீர்த்தட்டு யார் எடுத்து வைப்பது?

யாழினி: 11 மணிக்கு முடிந்துவிடும் அம்மா. நேராக ரேஞ்சிலிருந்தே கிளம்பிவிடலாம்.

சுந்தரம்: நேராக வேண்டாம். வீட்டுக்குப் போய்க் குளித்து உடை மாற்றிவிட்டு வா. .22 பிரைமரிலும் ஈயம், குண்டிலும் ஈயம். கையில், சட்டையில், முடியில் தூசாகப் படியும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஈயம் ஆகவே ஆகாது. அந்தக் கையால் திவ்யாவுக்கு வளையல் போடக்கூடாது.

திவ்யா: யாழி, நன்றாகக் குளித்துவிட்டு வா, ஆனால் கண்டிப்பாக வா.

யாழினி: சரி அக்கா ❤️

முருகேசன்: யாழினி, உன் பழைய ஏர் ரைபிள் பெல்லட் டப்பா இருந்தால் எடுத்து வா. குரங்குத் தொல்லை.

யாழினி: அது 4.49 வாட்கட்டர் சித்தப்பா, மூக்கு தட்டையாக இருக்கும். அட்டையில் வட்டமாக ஓட்டை விழுவதற்கு. குரங்குக்குத் தர மாட்டேன்.

வசந்தா: குரங்கைச் சுடுவானாம். ஆஞ்சநேயர் கோயில் தெருவில் இருந்துகொண்டு.

காலை 10:15

வசந்தா: செல்வம், பணம் எவ்வளவு ஆகும்? நான் தருகிறேன்.

செல்வம்: வேண்டாம் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுந்தரம்: பாதி நான்.

கலா: சுடும் ஜாக்கெட் வாங்கும்போது கேட்டோம். பெண்பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று சொன்னவர்களும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

கலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகேசன்: படித்துவிட்டேன் அண்ணி.

பிரபு: நானும் 🙈

முருகேசன்: அன்று சொன்னேன், உண்மைதான். இன்று என் பங்கும் உண்டு. மரவள்ளிக் காசு வந்ததும்.

செல்வம்: பணத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

மாலை 5:48

செல்வம்: கிளப்பில் சொல்லிவிட்டேன். நாலு லாட், லாட்டுக்கு ஒரு பெட்டி. மீதி ஆர்டருக்குத் திங்கள் வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். டெனெக்ஸில் ஒரே லாட்தான் கையிருப்பில் இருக்கிறதாம், இன்னொன்று வருமா என்று நாளை சொல்வார்கள்.

சுந்தரம்: பெட்டிகளை வெயிலில் காருக்குள் வைக்கச் சொல்லாதே. சூடேறினால் மருந்தின் அழுத்தம் மாறும், மெழுகும் இளகும். யாழினி, சுட்ட அட்டைகளில் லாட் எண்ணை எழுதி ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா. நான் ஸ்கேல் கொண்டுவருகிறேன்.

திவ்யா: பெரியப்பா, என் வளைகாப்பில் அட்டை அளக்கப் போகிறீர்களா?

சுந்தரம்: பந்திக்கு அப்புறம்தானம்மா.

முருகேசன்: எல்லாம் சரி. எத்தனை இலை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.