எம்.எச்.ஏ., எம்.பி.ஏ., எம்.பி.எச்.: மருத்துவமனை நிர்வாகத்துக்கு எதைப் படிப்பது?

படுக்கை நிர்வாகம் பார்ப்பவர்:

பட்டத்தின் பெயரை விடுங்கள். எந்தக் கணக்குக்கு நீங்கள் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று பாருங்கள். 200 படுக்கை, 30 நாள் என்றால் 6,000 படுக்கை நாள். அதில் நோயாளிகள் தங்கியது 5,100 நாள், அதாவது 85 சதவீதம். வீடு திரும்பியவர்கள் 1,020 பேர். ஆளுக்குச் சராசரி 5 நாள். அதை நாலரையாகக் குறைத்தால் 510 படுக்கை நாள் மிச்சம். ஒரு கட்டில்கூட வாங்காமல் தினமும் 17 படுக்கை கிடைக்கிறது.

அந்த அரை நாள் எங்கே போகிறது? காலை ரவுண்ட்ஸிலேயே டாக்டர் டிஸ்சார்ஜ் சொல்லிவிடுவார். பிறகு சம்மரி (சிகிச்சைச் சுருக்கம்) எழுத வேண்டும், மீந்த மருந்து பார்மசிக்குத் திரும்ப வேண்டும், அதன் பிறகு பில், அதற்கும் பிறகு இன்சூரன்ஸ் ஒப்புதல். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்பதால் சாயங்காலம் ஆகிவிடுகிறது. முந்தின நாளே சம்மரியையும் மருந்துக் கணக்கையும் தயார் செய்தால் பாதி நேரம் மிச்சம். இந்த மாதிரி முடிச்சை அவிழ்க்க ஆசையிருந்தால் எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை) படியுங்கள்.

நிதிப் பிரிவிலிருந்து:

கணக்கு சரி. ஆனால் அந்த 17 படுக்கைக்கும் நோயாளி வந்தால்தான் வருமானம். வராவிட்டாலும் நர்ஸ் சம்பளம் குறையாது. இந்தக் கவலை உங்களுடையதென்றால் எம்.பி.ஏ. (வணிக நிர்வாக முதுகலை) படியுங்கள். காப்பீடு, மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்களுக்குப் பின்னால் மாறவும் அது வசதி. ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: பொதுப் பாடங்களோடு மருத்துவமனை பேப்பர் இரண்டை ஒட்டவைத்து ‘ஹெல்த்கேர்’ என்று பெயர் சூட்டிய படிப்புகள் உண்டு. பாடத்திட்டத்தை வாங்கி, நோயாளி பாதுகாப்பு, தர மேலாண்மை, மருத்துவச் சட்டம், மருத்துவமனைச் செலவுக் கணக்கு நாலும் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

பொது சுகாதாரத் துறையிலிருந்து:

இத்தனை பேர் ஏன் நோயாளியானார்கள் என்று கேட்பது எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிப்பு. தொற்றுநோயியலும் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்ற ஆய்வு) உயிர்ப்புள்ளியியலும் (உடல்நலத் தரவுக்கான புள்ளியியல்)தான் அதன் முதுகெலும்பு. மருத்துவமனை நிர்வாகமே குறி என்றால், சுகாதாரக் கொள்கை, மேலாண்மை பிரிவு உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

பயிற்சி மாணவர்களைக் கவனிப்பவர்:

சேருமுன் நீங்கள் விரும்பும் பதவிக்கான விளம்பரம் பத்தை எடுத்து, கேட்கும் பட்டத்தையும் அனுபவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கல்லூரியில் இன்டர்ன்ஷிப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை வாரம், எந்தெந்தப் பிரிவு, மேற்பார்வை யார், மருத்துவமனைத் தரவு கையில் கிடைக்குமா? வரவேற்பு மேசையில் உட்காரவைத்துச் சான்றிதழ் தருவது பயிற்சி ஆகாது. போன வருட மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்; காட்டத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்.