புரூஃப் குறிகள்: வரிக்குள் இடம், ஓரத்தில் விஷயம்

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேக மலருக்குப் புரூஃப் பார்க்கிற வேலை, அதாவது அச்சேறுமுன் வரும் மாதிரித் தாளில் பிழை திருத்துகிற வேலை, தமிழ் எம்.ஏ. படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக என் தலையில் விழுந்தது. அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்திலிருந்தே இருக்கும் ஒரு பெரியவர்தான் இப்போது கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறார். எனக்கு முன்னால் கமிட்டிக்காரர் ஒருவர் பார்த்துக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார், எல்லாத் திருத்தமும் வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் நெருக்கியடித்துக் கிடந்தது. “இதுல பாதி என் கண்ணுலயே படாதும்மா. வரிக்குள்ள எடத்தைக் காட்டுங்க, விஷயத்தை ஓரத்துல சொல்லுங்க. நான் ஓரத்தைப் பார்த்துக்கிட்டேதான் கீழ வருவேன்” என்றார்.

மொத்த முறையும் இதற்குள் அடங்கிவிடுகிறது. எழுத்து விடுபட்டதா, அந்த இடத்தில் ஒரு கூரைக்குறி (^), விடுபட்டது ஓரத்தில். வேண்டாததை வரிக்குள் அடித்துவிட்டு ஓரத்தில் அந்தச் சுழித்த நீக்கல் குறி. இடைவெளிக்கு #. பிரிந்து நிற்பதைச் சேர்க்க மேலும் கீழும் சின்ன வளைவு. ஒரே வரியில் மூன்று நான்கு பிழை இருந்தால் இடமிருந்து வலமாக அதே வரிசையில் ஓரத்தில் எழுதி, நடுவில் சாய்கோடு போட்டுப் பிரிக்கவேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக்க மூன்று அடிக்கோடு போடுவார்களே, அதற்கு நம் எழுத்தில் வேலையே இல்லை.

ஆனால் தமிழுக்கென்று ஒரு வம்பு இருக்கிறது. கொள்ளிடம் என்பது ‘கெள்ளிடம்’ என்று வந்திருந்தது. கமிட்டிக்காரர் கூரைக்குறி போட்டு ஓரத்தில் காலை மட்டும் எழுதியிருக்கிறார், அது ‘ர’ மாதிரித் தெரிய, அடுத்த புரூஃபில் ‘கெரள்ளிடம்’! ஈய எழுத்தில் கொம்பு, க, கால் மூன்றும் தனித்தனி அச்சு, அதனால் விட்டுப்போன காலை மட்டும் கேட்டால் போதும், எடுத்துச் செருகிவிடுவார்கள். இப்போது அப்படிச் செருகுவதில்லை, அந்த எழுத்தையே அழித்துத் திரும்ப அடிக்கிறார்கள். அதனால் ‘கெ’ முழுவதையும் அடித்துவிட்டு ஓரத்தில் ‘கொ’ என்று முழு எழுத்தாக எழுதிவிடுங்கள். இடம் மாறிய எழுத்துகளைச் சுற்றி வளைகோடு போடும்போதும் இதே கவனம் வேண்டும், கொம்பு ஒரு பக்கமும் உயிர்மெய் இன்னொரு பக்கமும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து:

அக்கா சொன்ன ஓரத்தை வைத்தே எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு கூத்து. பத்திரிகையில் சித்தப்பா பெயரை அப்பா கோபத்தில் அடித்துவிட்டார், ராத்திரியே சமாதானமும் ஆகிவிட்டது. அடித்ததை மறுபடி வைத்துக்கொள்ள, அந்தச் சொல்லுக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தில் ‘ஸ்டெட்’ என்று எழுதுவது முறை. மாமா ஒருவருக்கு அது பாதி தெரியும். புள்ளி வைத்து, பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதி அனுப்பினார். கடைப் பையன் சொன்னதைச் செய்கிறவன். பெயருக்குப் பின்னால் வரிசையாகப் புள்ளி, அப்புறம் ‘இருக்கட்டும்’ என்று அடித்தே கொண்டுவந்தான். சித்தப்பாவைச் சமாதானப்படுத்தினோமா, கிண்டல் செய்தோமா என்று படிக்கிறவர்கள் குழம்பியிருப்பார்கள், நல்லவேளை அது புரூஃப்தான்.

ஓரத்தில் எழுதுவதில் அச்சேற வேண்டியது எது, வெறும் உத்தரவு எது என்று எப்படிப் பிரிப்பது சார்?

தஞ்சாவூரிலிருந்து:

உத்தரவைச் சுற்றி வட்டம் போட்டுவிடுங்கள் தம்பி. வட்டத்துக்குள் இருப்பது டைப் செய்பவருக்கு, வெளியே இருப்பது பக்கத்துக்கு. ஆசிரியரிடம் கேட்கவேண்டிய சந்தேகமும் கேள்விக்குறியோடு வட்டத்துக்குள்தான்.

அந்தக் கேள்விக்குறியைத்தான் நம் ஆட்கள் பயன்படுத்துவதே இல்லை. காவிரிக் கிளைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது, முதல் பக்கத்தில் அரிசிலாறு, நான்காம் பக்கத்தில் அரசலாறு. இரண்டும் வழக்கில் உள்ளவை. ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் அரசலாறு ஆக்கிவிட்டார், பழம்பாடல் மேற்கோளில் இருந்த அரிசிலையும் சேர்த்து! ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எ-ஏ வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா. போன்றவர்கள் அப்படிப்பட்ட ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பாடம், அதாவது மூலத்தின் சரியான சொல் எது என்று தீர்மானித்தார்கள். மேற்கோளில் கை வைக்குமுன் மூலத்தைப் பார்க்கவேண்டும், முடியாவிட்டால் வட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டு நகர்ந்துவிடவேண்டும்.

மை விஷயமும் சொல்லிவிடுகிறேன். டைப் செய்தவர் விட்ட பிழைக்குச் சிவப்பு, ஆசிரியர் மனம் மாறிச் செய்யும் மாற்றத்துக்கு நீலம் என்பது பிரிட்டிஷ் அச்சகங்களின் வழக்கம். கடைசியில் திருத்தக் கூலி யார் தலையில் என்ற தகராறு வரும்போது நிறம்தான் சாட்சி.

மயிலாடுதுறையிலிருந்து:

இந்தக் குறிகளுக்கு ஐஎஸ்ஓ 5776 என்று சர்வதேசத் தரமே உண்டு. ஆனால் உள்ளூர்க் கடையில் அதைச் சொல்லிப் பயனில்லை, நீங்கள் போடும் குறிகளைத் தாளின் தலையிலேயே ஒருமுறை விளக்கி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எந்தக் குறிக்கும் முன்னால் கண்ணுக்கே சிக்காது. ‘கௌரி’யை ஒற்றைக்கொம்பு, க, ள என்று ‘கெளரி’யாக அடித்திருப்பார்கள், தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிடிஎஃப் யூனிகோடில் இருந்தால் ‘கெள’ என்று தேடிப் பாருங்கள், கெளுத்தி மீன் தவிர வருவதெல்லாம் பெரும்பாலும் பிழை.